தமிழை விட்டுராதீங்க தங்கச்சி

மான்செஸ்டர் வந்து குளிரே இன்னும் பழகலை, அதுக்குள்ள இந்தக் கவலையா? பையனுக்கு 2 வயசு தாண்டிட்டு, பேச்சு கம்மி, வீட்டுல இனி இங்கிலீஷ் மட்டும் பேசணுமா, மூளை வளர என்ன பொம்மை வாங்கன்னு கேக்கீங்க. நானும் பாளையங்கோட்டைக்காரன்தான், நம்ம பேச்சுலயே சொல்லுதேன்.

ரெண்டு மொழி கேட்டு வளருததால பேச்சு பிந்தாது. அவன் வார்த்தைகளை எண்ணும்போது 'பால்', 'பூனை', இங்கிலீஷ் 'பை பை' எல்லாத்தையும் சேர்த்தே எண்ணுங்க. அப்பவும் 'அம்மா வா'ன்னு ரெண்டு வார்த்தை சேர்க்கலைன்னா ஹெல்த் விசிட்டருக்கு, அதாவது சின்னப் பிள்ளைக வளர்ச்சியைப் பார்க்குத நர்ஸுக்கு, போன் போடுங்க. 2லருந்து 2½ வயசுக்குள்ள ஒரு வளர்ச்சிப் பரிசோதனை இங்க உண்டு. காதையும் பார்க்கச் சொல்லுங்க. உள்ள நீர் கட்டியிருந்தாலும் பேச்சு பிந்தும். "நம்ம வீட்டு ஆம்பளைப் பிள்ளைக எல்லாம் லேட்டாத்தான் பேசும்"னு ஊர்ல சொல்லுவாங்க, அதைக் கேட்டுட்டு சும்மா இருந்துராதீங்க.

பேட்டரி பொம்மைக்குக் காசைக் கரியாக்க வேண்டாம். அது தானே பேசி தானே முடிச்சிரும். அவன் ஒண்ணு சொல்ல, நீங்க பதிலுக்கு ஒண்ணு சொல்ல, அதுதான் வேணும். சொதி வைக்கும்போது பட்டாணியைத் தோலோட வாங்கி, பக்கத்துல இருத்தி உரிக்க விடுங்க. அமுக்கினா டப்புன்னு பிளக்கும். "உள்ள என்னல இருக்கு?"ன்னு கேட்டுட்டு, மனசுக்குள்ள பத்து எண்ணுத வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. நாமதான் முந்திரிக்கொட்டை மாதிரி பதிலையும் சொல்லிருவோம். அவன் "பச்ச"ன்னா, "ஆமா, பச்சைப் பட்டாணி, உருண்டையா இருக்கு"ன்னு நீட்டிச் சொல்லுங்க. வாயில போடுதானான்னு ஒரு கண்ணு இருக்கட்டும். பல்லாங்குழிச் சோழி கொண்டாந்திருந்தா இப்போதைக்கு அலமாரி உச்சியில வைங்க.

செல்போன், டிவி எல்லாம் சேர்த்து நாளைக்கு 1 மணி நேரம் தாண்ட வேண்டாம். ஆச்சிகூட வீடியோ கால் பேசுததை இதுல சேர்க்காதீங்க. ஆனா "சாப்பிட்டியா"ன்னு மட்டும் கேட்டு வைக்காம, படித்துறையையும் எருமையையும் காட்டச் சொல்லுங்க. குளிர்காலத்துல இங்க காலை 10 மணின்னா அங்க மதியம் 3.30, வெளிச்சம் இருக்கும்.

நூலகத்துல சேரக் காசு கிடையாது. படப் புத்தகம் எடுத்தாந்து, எழுத்தை விட்டுட்டுப் படத்தைத் தமிழ்ல கதையாச் சொல்லுங்க. 3 வயசு முடிஞ்ச அடுத்த பருவத்துலருந்து, பள்ளிக்கூடம் நடக்குத வாரங்கள்ல 15 மணி நேரம் நர்சரி இலவசம். விசா எதுவானாலும் கிடைக்கும். இங்கிலீஷ் அங்க தானா வந்திரும். பொறவு "தமிழ்ல சொல்லுல"ன்னு நீங்க கெஞ்சணும், எங்க வீட்டுல இப்ப அதுதான் நடக்கு.