துபாய் சிறையில் இருக்கும் அண்ணனைக் கடலூர் சிறைக்கு மாற்ற முடியுமா?

கேட்டவர் புதுச்சேரி பாகூர்க்காரர். அண்ணனுக்குத் துபாயில் போதைப்பொருள் வழக்கில் 10 ஆண்டு தண்டனை, அதில் 3 ஆண்டு கழிந்துவிட்டது. அம்மாவால் அவ்வளவு தூரம் போக முடியாது, கடலூர் மத்திய சிறை இருக்கும் கேப்பர் மலைக்கு மாற்றிவிட்டால், சந்திக்க மனு போட்டு நேரில் பார்த்துக்கொள்வோம், அப்படியே தண்டனையும் கொஞ்சம் குறையுமா என்கிறார்.

நான் கடலூரில் வக்கீல். இந்த மாதிரி விண்ணப்பங்கள் சிலவற்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாற்ற வழி இருக்கிறது. ஆனால் 'குறையுமா' என்ற நினைப்போடு இதில் இறங்காதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கைதிகளைத் தாயகம் அனுப்புவதற்கென்று 2003-ல் நம் நாட்டில் சட்டம் வந்தது. சட்டம் மட்டும் இருந்தால் போதாது, தண்டனை கொடுத்த நாட்டோடு ஒப்பந்தமும் வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2011-ல் கையெழுத்தாகிவிட்டது. இலங்கையோடு 2010, பிரான்சோடு 2008. அண்ணன் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். தீர்ப்பு இறுதியாகியிருக்க வேண்டும், மேல்முறையீடோ வேறு வழக்கோ நிலுவையில் இருக்கக் கூடாது. பொதுவாக 6 மாதமாவது தண்டனை பாக்கி இருக்க வேண்டும். செய்த குற்றம் இங்கேயும் குற்றமாக இருக்க வேண்டும். அந்த நாடு, நம் நாடு, கைதி ஆகிய மூன்று தரப்பும் சம்மதித்தால்தான் காகிதம் நகரும். குடும்பம் ஆசைப்படுவதால் மட்டும் எதுவும் நடக்காது.

இனி உங்கள் ஊர் விஷயம். பாகூரிலிருந்து கடலூர் கூப்பிடு தூரம்தான். ஆனால் நீங்கள் புதுச்சேரி அரசின் கீழ், கேப்பர் மலை தமிழ்நாடு அரசின் கீழ். எந்தச் சிறை என்பதை மத்திய உள்துறை முடிவு செய்யும்போது சம்பந்தப்பட்ட அரசைக் கலந்துகொள்ளும். ஆதாரும் ரேஷன் கார்டும் பாகூர் முகவரியில் இருந்தால் பேச்சு புதுச்சேரி அரசின் காலாப்பட்டுச் சிறையைச் சுற்றித்தான் போகும். கடலூர்தான் வேண்டும் என்று அடம்பிடித்துக் கோப்பைக் கிடப்பில் போட வைக்காதீர்கள். காலாப்பட்டு உங்களுக்கு ஒன்றும் தூரமில்லை. (இந்த எல்லை ஒரு காலத்தில் நிஜமாகவே இரண்டு அரசாங்கங்களைப் பிரித்தது. 1908-லிருந்து பாரதியைப் பிரெஞ்சு மண்ணில் தொட முடியாத பிரிட்டிஷ் போலீஸ், 1918 நவம்பரில் அவர் எல்லை தாண்டியதும் பிடித்துக் கடலூர்ச் சிறையில் அடைத்தது.) இன்னொன்று: புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைய. அண்ணன் கையில் இருப்பது பிரெஞ்சு பாஸ்போர்ட் என்றால் இந்தியா அவரை ஏற்காது. நீங்கள் தட்ட வேண்டிய கதவு பிரெஞ்சு அரசினுடையது.

இப்போது தண்டனைக் குறைப்பு. இங்கே வந்ததும் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு, 'நம் சட்டப்படி இவ்வளவுதான் தண்டனை' என்று குறைத்துவிடலாம் எனப் பலர் ஆசை காட்டுவார்கள். மொரிஷியஸில் 152.8 கிராம் ஹெராயின் வழக்கில் 26 ஆண்டு தண்டனை பெற்று, 2016-ல் இந்தியாவுக்கு மாற்றப்பட்ட ஒருவர் அப்படித்தான் கேட்டார். பம்பாய் உயர் நீதிமன்றம் 10 ஆண்டாகக் குறைத்தது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. தண்டனை கொடுத்த நாட்டின் தீர்ப்புதான் அடிப்படை, அதைத் தொட அசாதாரணமான காரணம் வேண்டும் என்பதே அதன் சாரம். போதாக்குறைக்கு நம் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 32ஏ பிரிவு, தண்டனைக் கழிவு (ரெமிஷன்) கூடாது என்கிறது. இங்கே ரெமிஷன் கேட்டால் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

அமீரகத்திலோ ரம்ஜான், ஈத், டிசம்பர் 2 தேசிய தினம் என்று வருடாவருடம் மன்னிப்புப் பட்டியல் வருகிறது. எல்லாக் கைதிக்கும் கிடைக்காதுதான். ஆனாலும் அந்தச் சிறையை விட்டு வந்தால் அந்த வரிசையை விட்டும் வந்த மாதிரிதான். மாற்றம் வேறு, மன்னிப்பு வேறு. 2014-ல் இலங்கையில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட ராமேசுவரம் பக்கத்து மீனவர்கள் 5 பேர் ஊர் திரும்பியதைச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் உண்டு. அவர்களை அந்நாட்டு அதிபர் மன்னித்து விடுவித்தார். அது கைதி மாற்றமே அல்ல.

அம்மாவுக்காகத்தான் என்றால் நான் மாற்றத்துக்கே ஓட்டுப் போடுவேன். மகன் முகத்தைக் கம்பி வழியாகவாவது பார்ப்பதற்கு எந்தக் கணக்கும் ஈடாகாது. சீக்கிரம் வெளியே வருவதுதான் நோக்கம் என்றால், அண்ணனிடம் கேட்காமல் ஒரு காகிதமும் அனுப்பாதீர்கள்.

அவர் சரி என்றால், சிறை நிர்வாகத்திடமோ பார்க்க வரும் தூதரக அதிகாரியிடமோ தன் கையெழுத்தில் விண்ணப்பம் கொடுக்கட்டும். 1963 வியன்னா உடன்படிக்கைப்படி தூதரக அதிகாரியைச் சந்திக்க அவருக்கு உரிமை உண்டு. நீங்கள் இங்கிருந்து வெளியுறவு அமைச்சகத்தின் 'மதாத்' தளத்தில் பதிவு செய்யுங்கள். தீர்ப்பு நகல், அனுபவித்த காலத்தின் சான்று, மருத்துவ அறிக்கை, நடத்தை அறிக்கை எல்லாம் அங்கிருந்து வர வேண்டும். பிறகு உள்ளூர்ப் போலீஸ் வீடு தேடி வந்து குடியுரிமையும் முகவரியும் விசாரிக்கும். அந்த அறிக்கைதான் மாதக்கணக்கில் தூங்கும். ஸ்டேஷனில் போய் நில்லுங்கள், கோப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அழைத்து வர இங்கிருந்துதான் காவல் குழு போகும், அந்தச் செலவு அரசினுடையது. 'டிக்கெட்டுக்கு 2 லட்சம் கொடுங்கள், ஆளைக் கொண்டுவந்துவிடுகிறேன்' என்று எவனாவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.