அவருக்கு எங்கே போக விருப்பம்?

வணக்கம் அம்மா,

நீர்ப்பாசனத் திணைக்களத்தில் அம்பாறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். இப்போது மனைவியோடு களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். பிள்ளைகள் இருவரும் கனடாவில். "இனியாவது ரெண்டு பேரும் நாலு இடம் பாருங்க" என்று காசு அனுப்பியிருக்கிறார்கள். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, கம்போடியா நான்கையும் 10 நாளில் காட்டுவதாகக் கொழும்பில் ஒரு ஏஜென்சி சொல்கிறது. போகலாமா? சாப்பாடும் மொழியும் ஒத்துவருமா? நீங்கள் கணவரோடு கம்போடியா போய்வந்ததை எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். மனைவிக்கு இதிலெல்லாம் ஈடுபாடு இல்லை. நான் எங்கே கூட்டிப்போனாலும் வருவா.

*

அன்புள்ள ஐயா,

சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள். சோறும் மீனும் தின்கிற நாடுகள்தான் அவை. மொழிக்கும் பயப்படாதீர்கள். 10 நாளில் நாலு நாடு என்றால் பாதிப் பொழுது விமான நிலையத்திலும் பஸ்ஸிலும் போய்விடும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் வெட்டிவிடுங்கள். கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான்.

உங்கள் கடைசி இரண்டு வரியை வாசித்த பிறகு எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. மனைவிக்கு ஈடுபாடு இல்லை என்று அவர் சொன்னாரா, நீங்களே முடிவு கட்டினீர்களா? எத்தனை காலம் ஒன்றும் கேட்காமல் விட்டால் ஒரு மனுசி எங்கே கூட்டிப்போனாலும் வருகிறவளாக ஆவாள்? கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இருக்கும் வீடு யாருடையது ஐயா? பெரும்பாலும் அவருக்குச் சீதனமாக வந்த வீடாகத்தான் இருக்கும். நம் மட்டக்களப்புப் பகுதியில் குடி, அதாவது வம்சம், தாய்வழியாக வருகிறது. வீட்டையும் வளவையும் மகளுக்கு எழுதுகிறோம். கல்யாணம் முடித்த ஆண்தான் மனைவி வீட்டுக்குப் போகிறான். கோயிலில் எந்தக் குடிக்கு எந்தத் திருவிழா என்று கேட்டாலும் தாயின் குடியைத்தான் சொல்கிறோம். இந்த மண்ணில் பிறந்துவிட்டு ஒரு பெண்ணைப் பயணப்பெட்டியோடு சேர்த்து எண்ணுகிறீர்களே!

நாங்கள் கம்போடியாவில் சியாம் ரீப் என்ற ஊரில் சின்ன அறை ஒன்று எடுத்து ஆறுதலாக இருந்தோம். என் கணவருக்கு மேற்கு பராய் குளம் கிடைத்தது. 11ஆம் நூற்றாண்டில் அணை எழுப்பிக் கட்டியது, ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளம், 2 கிலோமீற்றர் அகலம். கல்லோயா நீர்ப்பாசனத் திட்டப் பக்கம் வேலை செய்த உங்களையும் அந்த அணைக்கட்டில் இருந்து இறக்குவது கஷ்டமாகத்தான் இருக்கும். எனக்குக் கிடைத்தது பாயோன் கோயில். 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஏழாம் ஜெயவர்மன் கட்டத் தொடங்கியது. வருகிறவர்கள் கோபுரத்து முகங்களை அண்ணாந்து படம் பிடித்துவிட்டுப் போகிறார்கள். வெளிச்சுவரின் தெற்குப் பக்கத்தில் அந்த நாட்டுக் கெமர்களும் அயல்நாட்டுச் சாம் மக்களும் படகுகளில் நின்று போர் செய்கிற காட்சி இருக்கிறது. அதற்குக் கீழ் வரிசையைப் பார்த்ததும் நான் அப்படியே குந்திவிட்டேன். சந்தையில் சாமான் விற்கிற பெண்கள், அடுப்படி, கோழிச்சண்டை, பேன் பார்க்கிறவள், பிள்ளை பெறுகிறவள். அரசன் கட்டிய கோயிலில் இவர்களுக்கும் கல் செலவழித்திருக்கிறார்கள்.

1296இல் சீனத் தூதுக்குழுவோடு போய் அங்கே ஏறக்குறைய ஒரு வருடம் தங்கிய சோ தாகுவான், அந்த நாட்டில் வியாபாரம் பெண்கள் கையில் இருப்பதைக் குறித்துவைத்திருக்கிறார். விடியச் சந்தை கூடி மத்தியானத்தோடு கலையும். நிலத்தில் பாய் விரித்து விற்பார்கள். சீனாவிலிருந்து வருகிறவன் முதல் வேலையாக உள்ளூர்ப் பெண் ஒருத்தியைத் தேடிக்கொள்வான், ஏனென்றால் வியாபாரம் தெரிந்தவள் அவள். அங்கேயும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போகிற வழக்கம் உண்டு. இதையெல்லாம் இரவு இவருக்குச் சொன்னேன். அடுத்த நாள் விடிய என்னோடு வந்து சுவரடியில் தானும் குந்தினார்.

இவர் எனக்குச் சொன்னது தொன்லே சாப் ஏரியின் கதை. மழைக்காலத்தில் மீகொங் ஆறு பெருகி, ஏரியிலிருந்து வெளியே ஓடும் ஆற்றையே திருப்பி உள்ளே தள்ளுகிறது. கோடையில் ஏறக்குறைய 2,500 சதுர கிலோமீற்றராகக் கிடக்கும் ஏரி, வெள்ளத்தில் 15,000 வரை விரிகிறது. நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பிறந்தவள். வாவி கடலில் விழுகிற முகத்துவாரத்தை வெட்டாவிட்டால் வயல் அழுகும் என்று ஒரு பக்கமும், வெட்டினால் மீன் போய்விடும் என்று மறுபக்கமும் சண்டை பிடிப்பதைக் கேட்டு வளர்ந்தவள். "தண்ணி ஏறினா அந்தச் சனம் எங்க போகும்?" என்று கேட்டேன். அதைப் பார்க்கத்தான் இரண்டு பேரும் வள்ளத்தில் போனோம். உயரக் கால் நட்ட வீடுகள், தண்ணீரோடு இடம் மாறுகிற வீடுகள். அந்த வெள்ளத்தில்தான் அவர்களுடைய மீன் பெருகுகிறது. தண்ணீரைப் பற்றி இவர் சொல்லாவிட்டால் நான் கேட்டிருக்க மாட்டேன், நான் கேட்காவிட்டால் இவர் அங்கே போயிருக்க மாட்டார். நாலு நாட்டுப் பயணத்தில் இதற்கு எங்கே நேரம்?

ஆகவே ஏஜென்சிக்கு முற்பணம் கட்டாதீர்கள். முதலில் அவரிடம் கேளுங்கள். "உங்களுக்கு எங்க விருப்பமோ அங்க" என்பார். அதைப் பதிலாக எடுக்காமல் மறுகா கேளுங்கள். சிதம்பரம் என்றால் சிதம்பரம். எங்கேயும் வேண்டாம் என்றால் முழங்கால் நோகிறதா என்று கேளுங்கள். சிலவேளை அவருக்குப் பேரப்பிள்ளைகளோடு கொஞ்ச நாள் இருக்கத்தான் ஆசையோ என்னவோ. அதுதான் என்றால் பிள்ளைகள் அனுப்பிய காசைக் கனடா டிக்கட்டுக்கு எடுங்கள். விசாவுக்கு நாள் எடுக்கும், இப்போதே விண்ணப்பியுங்கள்.