போனில் விசாரிக்கிறார்கள், வீட்டைப் பார்க்க வருவதில்லையே?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் எங்கள் வாப்பா கட்டிய வீடு 6 சென்டில் இருக்கிறது. பின்னால் 20 சென்ட் தென்னந்தோப்பு. வாப்பா காலமாகிவிட்டார்கள். தம்பி சவுதியில், ராத்தா (அக்கா) தொண்டியில். இரண்டையும் சேர்த்து விற்க இணையத்தில் விளம்பரம் போட்டோம். துபாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் போன் வருகிறது. "லொகேஷன் அனுப்புங்க" என்கிறார்கள், அத்தோடு சரி. விலையைக் குறைக்கட்டுமா?

பதில்: இப்போதைக்கு விலையில் கை வைக்காதீர்கள். போன் வருகிறது என்றால் சொன்ன விலை யாரையும் விரட்டவில்லை. தூரத்தில் இருப்பவர் வண்டி ஏறுவதற்கு முன் சில சந்தேகங்கள் தீர வேண்டும். அவை தீராததால்தான் நிற்கிறார்.

முதலில் தோப்பு. வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்தியர் இங்கே குடியிருப்பு வீடு வாங்கலாம். ஆனால் அந்நியச் செலாவணிச் சட்டப்படி விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது. உங்கள் தோப்பு வருவாய்த்துறைப் பதிவில் புன்செய் என்றோ நன்செய் என்றோ இருந்தால், துபாய்க்காரருக்கு அதைக் கிரயம் பண்ணிக் கொடுக்க வழியில்லை. இரண்டையும் ஒரே விலையாகப் போட்டதே பாதிப் பேரை நிறுத்தியிருக்கும். இ-சேவை மையம் வழியாக உட்பிரிவுக்கு விண்ணப்பித்து, வீட்டைத் தனியாகவும் தோப்பைத் தனியாகவும் பிரியுங்கள். அளப்பதற்கு முன், தோப்புக்கு வண்டி போகிற அளவுக்குப் பாதை ஒதுக்குங்கள். பாதை இல்லாத தோப்பை உள்ளூர்க்காரரும் சீந்த மாட்டார்.

அடுத்தது பத்திரம். இணையத்தில் வீடு தேடுகிறவர் வில்லங்கத்தையும் அங்கேயேதான் பார்ப்பார். சர்வே எண் கையில் இருந்தால், பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கமும் வருவாய்த்துறைத் தளத்தில் பட்டாவும் உட்கார்ந்த இடத்திலேயே கிடைத்துவிடும். பட்டா இன்னும் வாப்பா பேரில் இருந்தால் அவர் மனதில் முதல் கேள்வி அங்கேதான் எழும். வாரிசுச் சான்று எடுத்துப் பட்டாவை மாற்றிவிட்டு, "வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடச் சம்மதம்" என்று விளம்பரத்திலேயே எழுதுங்கள். ராத்தாவை விட்டுவிட்டு ஒரு பேச்சும் வேண்டாம். அவருடைய உரிமை அது, அதோடு அவர் கையெழுத்து இல்லாத கிரயத்தை விவரம் தெரிந்த யாரும் தொட மாட்டார்கள்.

தம்பி வர முடியாவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரத்தை அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். அவர் வெளிநாட்டில் வசிப்பதால், அவர் பங்குத் தொகையில் வருமான வரிப் பிடித்தம் அதிகமாக இருக்கும். குறைந்த பிடித்தத்துக்கான சான்றை வருமான வரித்துறையில் கேட்கத் தேவையான காகிதங்களை முன்கூட்டியே தயாராக வையுங்கள். விலை பேசி முடித்த பிறகு இவற்றை ஓடிப்போய்த் தேடினால் பேரம் ஆறிப்போகும்.

இனி விளம்பரம். நம் பக்கம் சென்ட்டில் பேசுகிறோம், சென்னைக்காரர் சதுர அடியில் தேடுகிறார். 6 சென்ட் என்பது சுமார் 2,614 சதுர அடி. இரண்டையும் போடுங்கள். வரவேற்பறைப் படத்தை விட, தெருவிலிருந்து வாசல் தெரிகிற படமும் கிணறும் மொட்டைமாடியும் முக்கியம். குறையை மறைக்காதீர்கள். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துப் பூச்சு உப்பியிருக்கும் இடம் இருந்தால் அதையும் படம் எடுத்துப் போட்டு, சரிசெய்ய ஆகும் செலவைக் கொத்தனாரிடம் கேட்டு எழுதுங்கள். கடலோர வீட்டை வாங்குகிறவர் அதைத்தான் முதலில் தட்டிப் பார்ப்பார். நேரில் வந்து அவரே கண்டுபிடித்தால் நீங்கள் சொன்ன மற்ற எதையும் நம்ப மாட்டார்.

தண்ணீரைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுங்கள். கிணற்றுத் தண்ணீர் குடிக்க ஆகுமா, கோடையில் உப்பேறுகிறதா, காவிரிக் கூட்டுக் குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? ராமநாதபுரம் என்றதும் வெளியூர்க்காரர் முதலில் நினைப்பது இதைத்தான். கடல் எவ்வளவு தூரம் என்பதையும் மீட்டரில் சொல்லுங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் வரும், அங்கே புதிதாகக் கட்டக் கட்டுப்பாடு உண்டு. பின்னால் மாடி எடுக்கலாம் என்று நம்பி வாங்குகிறவருக்கு அதை மறைப்பது துரோகம்.

விலை சொல்லும்போது, வாங்குபவருக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் தனியாக ஆகும் என்பதை நினைவில் வையுங்கள். அவர் தன் கணக்கில் அதையும் சேர்த்துத்தான் பேசுவார்.

உண்மையாக விசாரிப்பவருக்குச் சர்வே எண்ணைக் கொடுக்கலாம். ஆதார் நகலையும் மூலப்பத்திரப் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். வீட்டைப் பார்க்காமலே "அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள்" என்று ஒருவர் அவசரப்படுத்தினால் போனை வைத்துவிடுங்கள். பணம் நமக்கு வருவதற்கு நாம் பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. அட்வான்ஸ் எதுவானாலும் வங்கி வழியாகவே வரட்டும். வீடு, நில விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், அதே அளவு தொகை உங்கள் மேல் அபராதமாக விழும்.