பின்னால் கேட்ட குரல்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். எனக்கு 54 வயது. ரங்கூனில் தாம்வே பக்கம் குடியிருக்கிறோம். என் அம்மா காலத்தில் இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்ததாம். 1960களில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு அதெல்லாம் போய்விட்டது. நான் தமிழ் எழுத்துக் கற்றது ஞாயிறு பள்ளியில், பைபிளை வைத்துத்தான். அதனால் இந்தக் கடிதத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழு வருஷமாகத் தினமும் காலையில் ஒரு சின்ன வேத தியானம் பேசி, போனில் வைபர் செயலியில் அனுப்பி வருகிறேன். மூன்று நிமிஷம்தான். முதலில் எங்கள் சபைப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கு அனுப்பினேன். இப்போது தன்லின், பகோ, மோல்மேன் என்று மற்ற ஊர்களிலும் சேர்த்து அறுபது பேருக்கு மேல் கேட்கிறார்கள். தமிழ் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது என்கிற பிள்ளைகள்தான் அதிகம். அதனால்தான் எழுதாமல் பேசுகிறேன்.

என் மாமியார் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதத்தில் விழுந்தார். வலது பக்கம் வராது. பேச்சு பாதி போய்விட்டது. ராத்திரி முழுக்க "தண்ணி, தண்ணி" என்று கூப்பிடுவார். கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்புவார். வீட்டுக்காரர் கடைக்குப் போய்விடுவார். மகன் 2024-இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் அமலுக்கு வந்ததும் தாய்லாந்து எல்லையில் இருக்கிற மேசோட் போய்விட்டான். ஆகவே எல்லாம் என் கையில்தான்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். அன்று பர்திமேயுவைப் பற்றிப் பேச வேண்டும். எரிகோ ரோட்டில் உட்கார்ந்து பிச்சை கேட்ட குருடன். அவன் கூப்பிட்டபோது ஜனங்கள் பேசாதே என்று அதட்டினார்கள், இயேசுவோ நின்றார். இந்த "நின்றார்" என்ற சொல்லை வைத்து மனதுருக்கத்தைப் பற்றிப் பேச நினைத்தேன். கரண்ட் போவதற்குள் முடிக்க வேண்டும். இரண்டு தடவை பேசி, அத்தை கூப்பிட்டதால் பாதியில் நிறுத்தினேன். மூன்றாவது தடவை போய், "கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருங்க அத்தை" என்று கத்திவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் பேசினேன். நன்றாகவே வந்தது. அனுப்பிவிட்டேன்.

மத்தியானம் மோல்மேனிலிருந்து ஒரு பிள்ளை எழுதியிருந்தது: "நல்லாயிருந்துச்சு அக்கா. பின்னாடி யாரோ கூப்பிடுறாங்களே, யாரு?"

திரும்பக் கேட்டுப் பார்த்தேன். இயேசு நின்றார் என்று நான் சொல்கிற இடத்தில், கதவுக்குப் பின்னால் அத்தை குரல் கேட்கிறது.

அதிலிருந்து எனக்கு எதுவும் சரியில்லை. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது. இரண்டு மூன்று மணி நேரம்தான் தூக்கம். ஆனாலும் தினமும் அனுப்புகிறேன், அன்பு, விசுவாசம், சிலுவையை எடுத்துக்கொண்டு பின்பற்றுவது என்று. வாய் தானாகப் பேசுகிறது. சபையில் ஒரு பெரியவரிடம் சொன்னேன். விசுவாசம் குறைந்துவிட்டது, உபவாசம் இருங்கள் என்றார். மூன்று நாள் இருந்தேன். தலை சுற்றியதுதான் மிச்சம்.

நான் மாயக்காரியா அம்மா? நிறுத்திவிட வேண்டுமா? நிறுத்தினால் அந்தப் பிள்ளைகள் என்ன நினைக்கும்?

இப்படிக்கு,
ரங்கூன் சகோதரி

---

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். தியானப் பதிவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அத்தையைப் பற்றி அரைப் பக்கம். மகனைப் பற்றி ஒரே வரி. அதுவும் "ஆகவே எல்லாம் என் கையில்தான்" என்று சொல்வதற்காக வந்த வரி. அவன் பெயர், வயது, என்ன வேலை, கடைசியாக எப்போது பேசினான், எதுவும் இல்லை. முதல் தடவை நானும் அதைத் தாண்டித்தான் போனேன். பிறகு அந்த ஒரு வரியிலேயே நின்றுவிட்டேன்.

முதலில் உபவாசத்தை நிறுத்துங்கள். அந்தப் பெரியவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் இரண்டு வருஷமாகத் தூங்காத ஒரு பெண்ணைச் சாப்பிடவும் வேண்டாம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மாற்கு ஆறாம் அதிகாரத்தில் சீஷர்கள் ஊழியத்துக்குப் போய்த் திரும்பி வந்தபோது, சாப்பிடக்கூட நேரமில்லாமல் இருந்தார்களாம். இயேசு அவர்களுடைய விசுவாசத்தைச் சோதிக்கவில்லை. தனித்து வந்து சற்றே இளைப்பாறுங்கள் என்றார். சீஷத்துவம் என்று நாம் பேசும்போது இந்த இடத்தை ஏனோ விட்டுவிடுகிறோம்.

மாயக்காரியா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இருப்பவர் அந்தப் பதிவை ஒருவருக்கும் தெரியாமல் அழித்துவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பார். நீங்கள் திரும்பக் கேட்டீர்கள், கேட்டதை அப்படியே எனக்கு எழுதினீர்கள். கத்தியது தப்புதான், அதை மழுப்ப வேண்டாம். அத்தையிடம் போய், புரிந்தாலும் புரியாவிட்டாலும், "அன்னைக்குக் கத்திட்டேன், மன்னிச்சிருங்க அத்தை" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிடுங்கள். ஒரு தடவை போதும்.

அத்தையின் "தண்ணி"யைப் பற்றி. பக்கவாதத்தில் பேச்சு பாதித்தவர்களுக்குச் சில நேரம் ஒன்றிரண்டு சொற்கள்தான் மிஞ்சும். பயம், வலி, ஈரம், தனிமை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான் வாயில் வரும். குடித்துவிட்டுத் துப்புகிறார் என்றால் ஒன்று, அது தாகமாக இல்லாமல் இருக்கலாம். அல்லது விழுங்கச் சிரமமாக இருக்கலாம். இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் தண்ணீர் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். படுத்தபடி கொடுக்காதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ராத்திரி கூப்பிடும்போது டம்ளரை எடுப்பதற்கு முன்னால் தோளில் கை வையுங்கள். "இங்கேதான் இருக்கேன்" என்று சொல்லுங்கள். பக்கம் திருப்பிப் படுக்கவைத்து எவ்வளவு நேரமாயிற்று என்று பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பாவிட்டால் படுக்கைப்புண் வரலாம், அந்த வலிக்கும் அவர் "தண்ணி" என்றுதான் சொல்வார். இதெல்லாம் செய்தும் கூப்பிடத்தான் செய்வார். ஆனால் உங்களைச் சித்திரவதை செய்யக் கூப்பிடவில்லை என்று தெரிந்தால் கோபம் கொஞ்சம் இறங்கும்.

சரி, மகனிடம் வருகிறேன்.

அமெரிக்காவில் பாலின் பாஸ் என்ற அம்மையார், வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களோடு பல வருஷம் வேலை செய்தார். இறந்தார் என்று சொல்லவும் முடியாது, இருக்கிறார் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. அப்படிப்பட்ட இழப்புக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். உடல் இல்லை, காரியம் இல்லை, துக்கம் கேட்க வருகிறவர் இல்லை. அதனால் அழவும் உரிமை இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது. உங்கள் மகன் உயிரோடு இருக்கிறான், ஸ்தோத்திரம். ஆனால் வீட்டில் இல்லை, எப்போது வருவான் என்று தெரியாது, வரச் சொல்லவும் முடியாது. நம் ஊரில் இன்று எத்தனையோ தாய்மாருக்கு இதே நிலை. பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வயதுப் பையன்கள் உள்ள வீடுகளில் 2024 பிப்ரவரிக்குப் பிறகு யார் நிம்மதியாகத் தூங்கினார்கள்? நீங்களும் தூங்கவில்லை. ராத்திரி கூப்பிடுவது அத்தை என்பதால் அத்தைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான்.

என் யூகம் இது, தப்பாக இருந்தால் சொல்லுங்கள். மகன் போன பிறகு, உங்களுக்கு உங்களுடையது என்று ஒரு நாளில் மிஞ்சியது அந்த மூன்று நிமிஷம்தான். அதில் மட்டும் எல்லாம் ஒழுங்காக இருந்தது: ஒரு வசனம், ஒரு விளக்கம், ஒரு ஜெபம். அதற்குள் அத்தையின் குரல் வந்தபோது கோபம் வந்தது அதனால்தான். மனதுருக்கத்தைப் பற்றிப் பேசியபடியே கதவைச் சாத்தியதை நினைத்து உங்களுக்கு வெட்கம். அந்தக் கதவு உங்களுக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்பதுதான் எனக்குத் தெரிகிறது.

ஜெபம் சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது என்றீர்களே. பர்மாவுக்கு வந்த அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயாவின் கதையை எனக்கு ஞாயிறு பள்ளியில் சொல்லித் தந்தபோது ஆவா சிறைச்சாலையோடு நிறுத்திவிட்டார்கள். 1813-இல் ரங்கூன் வந்தார், ஆறு வருஷம் கழித்துத்தான் முதல் ஆள் ஞானஸ்நானம் பெற்றார், 1824-இல் சிறை, கால்களில் சங்கிலி. எல்லாம் வீரக் கதை. அதற்குப் பிறகு நடந்ததை வளர்ந்தபின் நானாகத்தான் வாசித்தேன். 1826-இல் அவர் ஊரில் இல்லாதபோது மனைவி ஆன் இறந்துபோனார். சில மாதங்களில் இரண்டு வயதுப் பெண் குழந்தையும் போய்விட்டது. மனிதர் மோல்மேன் பக்கம் காட்டுக்குள் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, ஒரு குழியை வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். 1829-இல், ஆன் இறந்து மூன்று வருஷமான நாளில், கடவுளை நம்புகிறேன், ஆனால் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிற அர்த்தத்தில் எழுதிவைத்தார். முழு பர்மிய பைபிள் 1834-இல் முடிந்தது. அந்த மொழிபெயர்ப்பு வேலையின் நடுவில்தான் இந்தக் குழியும் இருந்தது. பக்கத்து வீட்டு பர்மியக் கிறிஸ்தவர்கள் இன்றைக்கும் வாசிப்பது அந்த பைபிளைத்தான்.

அவரும் தேறிவிட்டார், நீங்களும் தேறுவீர்கள் என்று ஆறுதல் சொல்ல இதை எழுதவில்லை. கடவுள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்வதே விசுவாசக் குறைவு என்று யாராவது உங்களிடம் சொன்னால், 88-ஆம் சங்கீதத்தை எடுத்துக் காட்டுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்காவது ஓரிடத்தில் ஸ்தோத்திரத்துக்குத் திரும்பிவிடும். அது திரும்பாது. தெரிந்தவர்களெல்லாம் விலகிப்போனார்கள் என்ற புலம்பலோடு நின்றுவிடும். அதையும்தான் பைபிளில் வைத்திருக்கிறார்கள்.

பதிவை நிறுத்த வேண்டுமா என்றால், ஒரு மாதம் நிறுத்துங்கள். நிரந்தரமாக வேண்டாம். அந்தப் பிள்ளைகள் என்ன நினைக்கும் என்ற கவலை வேண்டாம், நேராகச் சொல்லிவிடுங்கள்: "வீட்டில் அத்தைக்கு முடியவில்லை, எனக்கும் முடியவில்லை, ஒரு மாதம் நீங்கள் யாராவது பேசுங்கள்." உச்சரிப்பு சரியாக வராது, ஒரு வசனத்தை மூன்று தடவை திக்கித் திக்கிச் சொல்வார்கள். சொல்லட்டும். இயேசு சீஷர்களை இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார். ஏழு வருஷமாக நீங்கள் ஒருவராகவே போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

அப்புறம் அந்த அறுபது பேரில் ரங்கூனிலேயே இருப்பவர்கள் சிலராவது இருப்பார்கள். அவர்களில் இரண்டு பேரிடம் வாரத்துக்கு இரண்டு மத்தியானம் வந்து அத்தையோடு உட்காரச் சொல்லுங்கள். கேட்க வெட்கமாக இருக்கும். கேளுங்கள். அவர்கள் வந்திருக்கும் நேரத்தில் சமைக்காதீர்கள், துணி துவைக்காதீர்கள். படுத்துத் தூங்குங்கள்.

இந்த மாதத்துக்குள் ஒரு டாக்டரைப் பாருங்கள். தூக்கம் இல்லை, மனம் மரத்துப்போயிற்று, எதிலும் பிடிப்பில்லை என்பது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை மனச்சோர்வு என்று கருதிப் பரிசோதிப்பார்கள். அதற்கு மருந்து உண்டு. ஜெபமும் மருந்தும் ஒன்றோடொன்று சண்டை போடாது. செத்துவிட்டால் தேவலை என்று ஒரு நிமிஷமாவது தோன்றினால் மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள், அன்றே வீட்டுக்காரரிடம் சொல்லி, டாக்டரிடம் போங்கள்.

மோல்மேன் பிள்ளை கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் எழுதியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். "என் மாமியார்தான், நோயாளி" என்று எழுதிவிடுங்கள். நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், யார் கூப்பிடுகிறார்கள் என்று கேட்ட பிள்ளை. நீங்கள் நிறுத்துகிற அந்த மாதத்தின் முதல் பதிவை அந்தப் பிள்ளையையே பேசச் சொல்லலாம்.

மகன் அடுத்த தடவை போன் செய்யும்போது, சாப்பிட்டாயா, சம்பளம் வந்ததா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். உன்னை நினைத்து ராத்திரி தூக்கம் வருவதில்லை என்று சொல்லுங்கள். அவன் பதறுவான் என்று பயப்படுவீர்கள். அவனும் அங்கே தூங்காமல்தான் இருப்பான், சொல்லாமல் இருப்பான்.

ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். தியானத்தைப் பற்றி எழுத வேண்டாம். அவன் என்ன சொன்னான் என்று எழுதுங்கள்.