1000 வாட் பெட்டி ஏன் 725 வாட்டில் நிற்கிறது?

கேள்வி: மதுரை செல்லூரில் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறேன். புதிதாக வாங்கிய கரண்ட் பெட்டியில் 230 வோல்ட், 1000 வாட் என்று போட்டிருக்கிறது. பகலில் பரவாயில்லை. சாயங்காலம் ஆறரைக்கு மேல் கஞ்சி போட்ட சுங்குடிச் சேலையில் சுருக்கம் போவதே இல்லை. தெரிந்த வயர்மேன் அளந்து பார்த்தார். பெட்டி ஓடும்போது பிளக் பாயிண்டில் 196 வோல்ட், 3.7 ஆம்பியர். அணைத்தால் 208 வோல்ட். இதை வைத்து ரெசிஸ்டன்ஸும் வாட்டும் எப்படிக் கணக்கிடுவது? விற்றவர் ஏமாற்றிவிட்டாரா? 1500 வாட் பெட்டியாக மாற்றிவிடலாமா? வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்கும் இதே கணக்குதானா?

பதில்: விற்றவரை விட்டுவிடுங்கள், அவர் மேல் தப்பில்லை. உங்கள் வயர்மேன் கொடுத்த எண்களே அதைச் சொல்கின்றன.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்தடை: 196 ÷ 3.7, கிட்டத்தட்ட 53 ஓம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட்: 196 × 3.7 = 725. இனி பெட்டியில் எழுதியிருப்பதைச் சரிபார்ப்போம். வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தாலும் ஓம் வரும்: 230 × 230 ÷ 1000 = 52.9. அளந்ததும் எழுதியிருப்பதும் ஒன்றுதான். உள்ளே சூடாகும் நிக்ரோம் என்ற கலவை உலோகக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் சூட்டில் அதிகம் மாறாது. அதனால் 53 ஓம் என்பதைப் பெட்டியின் சொந்தக் குணமாக எடுத்துக்கொள்ளலாம். வாட் அப்படியில்லை, லைனில் என்ன வோல்டேஜ் வருகிறதோ அதைப் பொறுத்தது. அதுவும் வர்க்கக் கணக்கில் இறங்கும். வோல்டேஜ் 15 சதவீதம் குறைந்ததற்கு உங்கள் பெட்டி 27 சதவீதம் வாட்டை இழந்திருக்கிறது.

நீங்களே அளக்கப்போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம். வயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பெட்டியின் வயரை முழுசாகச் சுற்றிப் போட்டால் பூஜ்ஜியம்தான் காட்டும், போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒரே ஒரு வயரை மட்டும் பிடிக்க வேண்டும். பெட்டியின் சின்ன லைட் எரியும்போது அளக்க வேண்டும். தெர்மோஸ்டாட் கட் ஆனபின் அளந்தால் அதுவும் பூஜ்ஜியம்தான்.

சரி, என்னைக் கேட்டால் நீங்கள் கவலைப்பட வேண்டிய எண் அந்த 208தான். பெட்டியைப் போட்டதும் அது 196 ஆகிறது. நடுவில் 12 வோல்ட் எங்கே போயிற்று? வழியிலேயே விழுகிறது. 12 ÷ 3.7 = 3.2 ஓம். பிளக்கிலிருந்து பின்னோக்கிப் போகும் பாதையில் இவ்வளவு ரெசிஸ்டன்ஸ் ஒளிந்திருக்கிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம்தான். மெயின் போர்டிலிருந்து 20 மீட்டர் தூரம், போக வர 40 மீட்டர் என்று வைத்தால்கூட அரை ஓம் தாண்டக் கூடாது. மிச்சம் ஏதோ ஒரு லூஸ் ஜாயிண்ட்டிலோ, கருகிய சுவிட்சிலோ, சர்வீஸ் வயரின் முனையிலோ இருக்கிறது. வழியில் மொத்தம் 12 × 3.7 = 44 வாட் வெறும் சூடாகப் போகிறது. அதில் பெரும்பகுதி ஒரே ஒரு திருகாணிக்கடியில் என்றால் பிளாஸ்டிக் உருகும். பிளக்கைப் பிடுங்கி அதன் பின்களைத் தொட்டுப் பாருங்கள், சுடுகிறதென்றால் பாதி விடை கிடைத்துவிட்டது.

இந்த நிலையில் 1500 வாட் பெட்டி வாங்காதீர்கள். அதன் ரெசிஸ்டன்ஸ் 35 ஓம். அதே லைனில் 5.4 ஆம்பியர் இழுக்கும். பெட்டிக்குக் கிடைப்பது சுமார் 1030 வாட், ஆசைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வழியில் போகும் சூடு 44 வாட்டிலிருந்து 94 ஆகிவிடும். ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி ஓமால் பெருக்கும் கணக்கு இது. கரண்ட் ஒன்றரை மடங்கானால் சூடு இரண்டு மடங்குக்கு மேல். போதாததற்கு, வோல்டேஜ் ஒழுங்காக வரும் பகல் நேரத்தில் 1500 வாட் பெட்டி 6 ஆம்பியரைத் தாண்டும், சின்ன பிளக் பாயிண்ட் அதற்கு ஆகாது. 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும்.

அதற்குப் பதில், பெட்டியைப் போட்டு ஒருமுறை, அணைத்து ஒருமுறை, மெயின் போர்டில் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்துக் கடை லோடாலும் எண் ஆடும் என்பதால் இரண்டு மூன்று தடவை பார்ப்பது நல்லது. அங்கே இறக்கம் இல்லையென்றால் கோளாறு உங்கள் வயரிங்கில். மெயினை அணைத்துவிட்டு ஜாயிண்ட்டுகளைப் புதுப்பித்தால் 205 வோல்ட் வரை கிடைக்கும், பெட்டி 790 வாட்டைத் தொடும். மெயின் போர்டிலேயே இறங்கினால் அது ஈபி பக்கம்.

அணைத்திருக்கும்போதே 208 என்பதும் சரியில்லை. 230 வோல்ட்டிலிருந்து 6 சதவீதம் வரைதான் கூடவோ குறையவோ செய்யலாம், அதாவது 216க்குக் கீழே போகக் கூடாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் நேரத்தையும் அளந்த வோல்ட்டையும் சொல்லிப் புகார் பதியுங்கள். உங்கள் பேஸில் (தெருவில் வரும் மூன்று மின் லைன்களில் உங்களுடையது) லோடு அதிகமென்றால் லைன்மேன் வேறு பேஸுக்கு மாற்றித் தர முடியும்.

மோட்டாருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. சாயங்காலம் 205 வோல்ட்டில் மோட்டார் 6.5 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 1332 வரும், ஆனால் அது வாட் இல்லை, வோல்ட் ஆம்பியர். அதில் உண்மையான வாட்டாகும் பங்கு, அதாவது பவர் ஃபேக்டர், 0.85 என்றால் உண்மை வாட் சுமார் 1130. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து வருவதும் சுருள் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் ஆகாது. காந்தப்புலத்தின் தடையும் அதில் கலந்திருக்கிறது.

இன்னொரு வித்தியாசம்தான் பணத்தைத் தின்னும். லோ வோல்டேஜில் இஸ்திரிப் பெட்டி குறைவாகக் கரண்ட் எடுத்து, மெதுவாகச் சூடாகும். அதற்கு ஒன்றும் ஆகாது. தண்ணீரைத் தூக்கியே ஆக வேண்டிய மோட்டாரோ கூடுதலாக ஆம்பியர் இழுத்து காயிலைச் சுட்டுவிடும். ஆகவே தொட்டிக்கு ஏற்றுவதைக் காலையில், வோல்டேஜ் நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.