டாக்சிசைக்ளின் போட்டால் நெஞ்சு எரிகிறதா?

முகப்பருவுக்கு டாக்டர் எழுதித்தந்த டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை ராத்திரி ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுக்கிறீர்களா? இப்போது எச்சில் முழுங்கினாலே நெஞ்சு எரிகிறது என்றால், மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக் கரைந்து புண்ணாக்கியிருக்கலாம். இந்த மருந்துக்கு அது பேர்போன குணம்.

அடுத்த வேளைக்கு முன்னால் டாக்டருக்குப் போன் போடுங்கள். நிறுத்துவதா, மாற்றுவதா என்பதை அவர் சொல்லட்டும். தொடரச் சொன்னால், சாப்பிட்ட பிறகு, டம்ளர் நிறையத் தண்ணீரோடு உட்கார்ந்தபடி போடுங்கள். அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது.

எரிச்சலுக்கென்று கூடவே ஜெலுசில் மாதிரி அமிலத்தைத் தணிக்கும் மருந்தைக் குடித்துவிடாதீர்கள், டாக்சிசைக்ளின் உடம்பில் சரியாகச் சேராது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரையும் அப்படித்தான். இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடணும். டாக்சிசைக்ளின் போடும் நாட்களில் வெயிலில் தோல் சட்டென்று சிவந்து எரியலாம், குடை எடுத்துப்போங்கள்.

தண்ணீரே இறங்கவில்லை, ரத்த வாந்தி, மூச்சுத்திணறல் என்றால் போனெல்லாம் வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.