இசை கேள்வி – பதில்: ஏழு விநாடி டிரம்ஸ்

கேள்வி: என் மகன் ‘ஜங்கிள்’ என்றொரு இசையை ஓயாமல் கேட்கிறான். அதில் டிரம்ஸ் அடிப்பவருக்கு எத்தனை கை சார்?

பதில்: இரண்டே கைதான். அதுவும் ஏகப்பட்ட பாட்டுகளில் ஒரே ஆளுடைய கை. பெயர் கிரகரி கோல்மன். ‘தி வின்ஸ்டன்ஸ்’ என்ற அமெரிக்க சோல் இசைக்குழுவின் டிரம்மர். 1969-இல் அவர்கள் வெளியிட்ட ஒரு இசைத்தட்டின் பின்பக்கத்தில் ‘ஆமென், பிரதர்’ என்ற வாத்திய இசை இருக்கிறது. பாதியில் மற்றவர்கள் எல்லோரும் நிறுத்திக்கொள்ள, கோல்மன் மட்டும் நான்கு பார் (ஒரு பார் என்பது நான்கு பீட் கொண்ட ஒரு தாளச் சுற்று) தனியாக வாசிக்கிறார். மொத்தம் ஏழு விநாடி.

நானும் டிரம்ஸ் வாசிப்பவன், அதனால் இங்கே கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவேன். முதல் இரண்டு பாரும் ஒரே மாதிரி. மூன்றாவதில் கடைசி ஸ்னேர், அதாவது ‘சடார்’ என்று ஒலிக்கும் டிரம்மின் அடி, அரை பீட் தள்ளி விழுகிறது. நான்காவதில் முதல் பீட்டை அப்படியே காலியாக விட்டுவிட்டு உள்ளே நுழைகிறார். க்ராஷ் சிம்பல் என்ற உலோகத் தட்டு நாம் எதிர்பார்ப்பதற்கு முன்பே வெடிக்கிறது. ஸ்டுடியோவில் போகிறபோக்கில் வாசித்த மாதிரிதான் கேட்கும். ஆனால் அதை அதே அலட்சியத்தோடு திரும்ப வாசித்துப் பாருங்கள், தெரியும்.

1990-களின் தொடக்கத்தில் லண்டன் இளைஞர்கள் இந்த ஏழு விநாடியை, ஒலித்துண்டைப் பதிந்து இஷ்டப்படி ஒலிக்கவைக்கும் சாம்ப்ளர் கருவியில் ஏற்றினார்கள். அசல் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 137 பீட். அதை 160-க்கு மேல் ஓட்டினார்கள். வேகத்தோடு சுருதியும் ஏறி, ஸ்னேர் கீச்சென்று ஒலித்தது, அதுவே பிடித்துப்போய்விட்டது. அப்புறம் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர், சிம்பல் என்று துண்டு துண்டாக வெட்டி, கீபோர்டின் ஒவ்வொரு கட்டையிலும் ஒன்றை வைத்து, அட்டாரி கணினியில் இஷ்டத்துக்கு அடுக்கினார்கள். உங்கள் மகன் கேட்பதில் பெரும்பாலும் இருப்பது இதுதான்: கோல்மன் அடித்த அடிகள், அவர் அடிக்காத வரிசையில்.

கேள்வி: அவருக்கு எவ்வளவு பணம் கிடைத்தது?

பதில்: ஒன்றும் இல்லை. 2006-இல் அட்லாண்டாவில் வறுமையில் இறந்தார். பாட்டின் உரிமையாளரான குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கும் பல ஆண்டுகள் ராயல்டி வரவில்லை. விஷயம் அவர் காதுக்கு எட்டியபோது வழக்குப் போடும் காலம் கடந்துவிட்டது. 2015-இல் பிரிட்டிஷ் டிஜேக்கள் முன்னின்று ரசிகர்களிடம் திரட்டி, அவருக்குச் சுமார் 24,000 பவுண்டு கொடுத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த ஏழு விநாடியை வைத்து நடந்த வியாபாரத்துக்கு முன்னால் அது சில்லறை.

கேள்வி: அமெரிக்க டிரம்ஸ், சரி. இசை மட்டும் ஏன் லண்டனில் பிறந்தது?

பதில்: ஜமைக்காவிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் அங்கே இருந்ததால். ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கித் தெருவையே அதிரவைக்கும் சவுண்ட் சிஸ்டம் வழக்கத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். அந்த ஸ்பீக்கர்களின் பேஸும் (அடிவயிற்றில் அதிரும் கனத்த ஒலி), இங்கிலாந்தில் விடிய விடிய நடக்கும் ரேவ் நடன விருந்துகளின் வேகமும் சேர்ந்ததுதான் ஜங்கிள். ‘ஹெவன்’ கிளப்பில் ‘ரேஜ்’ என்ற இரவு விருந்தில் ஃபேபியோ, குரூவ்ரைடர் என்ற இரண்டு டிஜேக்கள் வேகமான பிரேக்பீட் (இப்படி வெட்டியெடுத்த டிரம்ஸ் துண்டுகளால் ஆன இசை) தட்டுகளை ஓட்டி இதற்கு வழி திறந்தார்கள். பெரிய வானொலிகள் கண்டுகொள்ளாதபோது, கூல் எஃப்எம் போன்ற திருட்டு நிலையங்கள் அடுக்குமாடிகளின் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி ஒலிபரப்பின. அதிகாரிகள் கழற்றிக்கொண்டு போவார்கள். இவர்கள் வேறொன்றை மாட்டுவார்கள்.

பாட்டு சந்தைக்கு வருமுன் ‘டப்பிளேட்’ என்ற மென்மையான தட்டில் ஒரே ஒரு பிரதி வெட்டி, டிஜே கையில் கொடுப்பதும் ஜமைக்கா வழக்கம்தான். ஊசி பட்டுப் பட்டுச் சீக்கிரமே தேய்ந்துவிடும். கூட்டம் கத்தினால் தட்டைப் பின்னால் சுழற்றி மறுபடி முதலிலிருந்து போடுவதும் அங்கிருந்து வந்ததே.

கேள்வி: ஜங்கிளும் டிரம் அண்ட் பேஸும் ஒன்றா?

பதில்: அண்ணன் தம்பி. 1990-களின் நடுவில் ரெகே குரல்கள் குறைந்து, தயாரிப்பு வழவழப்பாகி, வேகம் 170-ஐத் தாண்டியபோது இரண்டாவது பெயர் நிலைத்தது. 1997-இல் பிரிஸ்டலைச் சேர்ந்த ரோனி சைஸின் குழு, ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குப் பிரிட்டனில் தரும் மெர்குரி பரிசையே வாங்கியது. எனக்கு அந்த வழவழப்பைவிடப் பழைய கரடுமுரடுதான் பிடிக்கும்.

கேள்வி: போனில் கேட்டுப் பார்த்தேன், தலைவலிதான் மிச்சம். இதற்கு எப்படி ஆடுகிறார்கள்?

பதில்: நீங்கள் கேட்டது பாதிப் பாட்டு. இந்த இசையின் பேஸ் 40, 50 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. போன் ஸ்பீக்கரில் அது வரவே வராது. அது போய்விட்டால் மிஞ்சுவது கடகடப்புதான். கச்சேரி கேட்பவர் என்றால் இப்படிச் சொன்னால் புரியும்: பேஸ் கீழ்க்காலம், டிரம்ஸ் மேல்காலம். டிரம்ஸ் 160-இல் ஓடும்போது பேஸ் 80-இல் நிதானமாக நடக்கிறது. ஆடுபவர்களில் பலர் அந்த 80-ஐத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். நல்ல ஹெட்போன் மாட்டி, டிரம்ஸை விட்டுவிட்டு பேஸுக்கு மட்டும் தலையாட்டிப் பாருங்கள். அப்போதும் தலை வலித்தால் அடுத்த இதழுக்கு எழுதுங்கள்.